ஹவுலேன்னு ஒரு நாய்

இல்லம்மா, அந்த வார்த்தையைச் சொல்லாம நான் எப்படிப் பேசறது? நாயோட பேரே அதுதானே. பேப்பர்ல எப்படிப் போட்டிருக்குன்னு இன்னொரு தடவை படிங்க. ஆங், அதேதான். ஹ எழுத்துல ஆரம்பிக்கிற அந்த வார்த்தை. ஹவாயும் அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது, நாம உக்காந்திருக்கிற இந்த ஹிலோவும் அந்த எழுத்துலதான். அப்புறம் எதை விட்டுட்டு எதைப் பேச?

சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நீங்க நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் கேக்கணும்னு வந்திருக்கீங்க. உங்களைக் குத்தம் சொல்ல முடியுமா. உங்க பேரு நிஷிமுராவா? மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருந்தாரே, அவங்க வீடா? பெரியப்பாவா! அடடே. அவருகிட்டதான் எங்க தம்பி எனோகா பஞ்சர் ஒட்டக் கத்துக்கிட்டான். அப்ப நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. என்னது? நடுநிலையா? இருங்கம்மா, நல்லா நடுநிலையா இருங்க, யாரு வேண்டாம்னது. பெரியப்பாவைக் கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க.

என் பேரு வைலானா கெயாவே. பஹோவாவுக்குக் கீழ, கடலுக்குப் போற ரோட்டுல வீடு. எங்க வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷமாச்சு. புள்ளை லாஸ் வேகாஸ்ல. நானும் கோழிங்களும்தான். ராத்திரியானா தவளை. அந்தத் தவளையைப் பத்தி நீங்க எதுவும் எழுதலையா? போர்ட்டோ ரிக்கோவுல இருந்து செடித் தொட்டியில ஒளிஞ்சு வந்து, ராத்திரி பூரா காதைக் கிழிக்குது. அதும் மேல யாரும் பெட்டிஷன் போடறதில்ல. நான் சாயங்காலம் ஒரு குரல் கொடுத்தா அது குத்தமாயிருச்சு.

பெட்டிஷன் போட்டது பக்கத்து வீட்டு வெண்டல் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேரு அவரு பேரு. எழுதினது அவரு மக மெரிடித். பக்கத்து ரூம்ல அப்பாவை ஒட்டி உக்காந்திருக்காங்களே, வெள்ளைப் பேண்ட் போட்டுட்டு. பஹோவாவுக்கு வெள்ளைப் பேண்ட் போட்டுட்டு வந்த முதல் ஆளு அவங்கதான். செம்மண் ஒரு நாள்ல ஞானஸ்நானம் பண்ணி வச்சிருச்சு. அவங்க வேலை என்னன்னு சொன்னாங்களா? சாக்ரமெண்டோவுல ஒரு பெரிய கம்பெனியில, யாரு யாரை எப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு வகுப்பு எடுக்கறாங்களாம். நான் நெசமாவே ஆச்சரியப்பட்டேன். அதுக்கெல்லாம் சம்பளம் உண்டா? எங்கம்மா அதையே ஒரு விளக்குமாத்தை வச்சு இனாமா சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா பாவம், வருஷத்துக்கு ஒரு புது வார்த்தையாவது கண்டுபிடிச்சுக் கூடாதுங்கணும்ல, இல்லாட்டி வகுப்புக்கு யாரு வருவா? லீவுக்கு வந்த எடத்துல ஒண்ணு கையோட கிடைச்சிருச்சு.

நாய் எப்படி வந்துச்சா? சொல்றேன். எங்க வீட்டுக்கு எதிர்ல பச்சைக் கூரை போட்ட வீடு ஒண்ணு இருக்கு. அதுல ஆரிகன்ல இருந்து ஒரு ஜோடி வந்து குடியிருந்துச்சு. தங்களைத் தாங்களே தேடிட்டு வந்தாங்களாம். எங்க தேடினாங்களோ, நான் பாத்தவரைக்கும் வாசல்ல காலை மடக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நம்ம பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். முதல்ல அந்த மழையைப் பாத்து ஆனந்தமா அழுதாங்க. அப்புறம் செருப்புல பூஞ்சை, மெத்தையில பூஞ்சை, கிதாருக்குள்ள பூஞ்சை. அப்பவும் அழுதாங்க. ஒரு நாள் பாத்தா ஆளைக் காணோம். தேடினது கிடைச்சிருச்சு போல. நாயை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க.

வெள்ளை நாய். மூக்கு ரோஸ். வெயில்ல கொஞ்ச நேரம் நின்னா அந்த மூக்கு சிவந்து தோல் உரியும். மழை பெஞ்சா வானத்தைப் பாத்துக் குரைக்கும், யாரோ வேணும்னே ஊத்தற மாதிரி. மீன் தலையைப் போட்டா ஒரு சுத்து சுத்தி வந்து மோந்து பாத்துட்டு என் மூஞ்சியைப் பாக்கும், வேற ஏதாவது இருக்கான்னு. எனோகா வந்தான், பாத்தான். அக்கா, ஹவுலே ஒண்ணு வந்து எறங்கியிருக்கு போலன்னான். வெள்ளைக்காரனை நாம அப்படித்தானே சொல்றோம்? அவ்வளவுதான், பேரு ஒட்டிக்கிச்சு. நான் வேற பேரும் வச்சுப் பாத்தேம்மா. மேகம் மாதிரி இருக்கேன்னு ஓபுவான்னு கூப்பிட்டேன். திரும்பலை. ராஜான்னு அர்த்தம் வர்ற மாதிரி அலீயின்னு கூப்பிட்டேன். கொட்டாவி விட்டுச்சு. ஹவுலேன்னா மட்டும் வாலை ஆட்டிட்டு ஓடி வரும். தான் யாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதுல அதுக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஒரு வருஷத்துல ஆளே மாறிப் போச்சு. மீன் தலை என்ன, செதிலைக்கூட விடாது. சேத்துல புரண்டு செவலை நாயாயிருச்சு. மழையில நனைஞ்சிட்டே தூங்கும். பேரு மட்டும் மாறலை.

அது வசவுதானேன்னு கேக்கறீங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆதியில அது வசவும் இல்ல, மனுஷனைக்கூட மட்டும் குறிச்சதில்ல. வெளிய இருந்து வந்தது எதுவானாலும் ஹவுலே. நம்ம பன்னியைவிடப் பெருசா கப்பல்ல ஒரு பன்னி வந்துச்சு, அது ஹவுலே பன்னி. ரோட்டோரம் காடா மண்டிக் கிடக்கே சவுண்டல், ஆட்டுக்குத் தழை ஒடிப்பாங்களே, அதை நாம இன்னைக்கும் கோவா ஹவுலேன்னுதானே சொல்றோம்? நம்ம கோவா மரம் மாதிரி இருக்கு, ஆனா வந்தேறி. அந்த மரம் என்னைக்காவது கோர்ட்டுக்குப் போச்சா? கப்பல்ல கறுப்பு மாலுமி ஒருத்தர் வந்தா அவரும் ஹவுலேதான், கறுப்பு ஹவுலேன்னாங்க. தோல் எல்லாம் கணக்கே இல்ல. எங்க ஊர்ல பொறக்கலையா, சரி, நீ ஹவுலே, உக்காரு, சாப்பிடு. அவ்வளவுதான் அர்த்தம்.

அப்புறம் என்னாச்சுன்னா, உக்காந்தவன் எந்திரிக்கலை. சாப்பிட்டவன் பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டான். கரும்புத் தோட்டம் வந்துச்சு. அப்பதான் வார்த்தைக்குக் கலர் வந்துச்சு. அதுலயும் ஒரு வேடிக்கை பாருங்க. போர்ச்சுகீசுக்காரங்க வந்தாங்க, அவங்களும் வெள்ளைத் தோலுதான். ஆனா அவங்களை யாரும் ஹவுலேங்கலை. ஏன்? வெயில்ல நம்மளோட நின்னு கரும்பு வெட்டினாங்க. மேல பங்களா வராந்தாவுல உக்காந்து டீ குடிச்சவன் ஹவுலே. அப்ப அது கலரும் இல்லம்மா. அது உக்காந்திருக்கற எடம். இதை அந்தப் பொண்ணு வகுப்புல எந்தப் பக்கத்துல எழுதுவாங்க?

இப்ப எனோகா வேலை செய்யற ஹோட்டலைக் கேளுங்க. கோனா பக்கம், கடலோரம். சாயங்காலமானா இடுப்புல துணியைக் கட்டி, தலையில இலையை வச்சு, பந்தத்தைப் பிடிச்சுட்டு ஓடணும். அவனுக்கு முட்டி வலி, இருந்தாலும் ஓடறான். பந்தத்தை எல்லாம் ஏத்தி முடிச்சுட்டு விருந்தாளிங்களுக்கு ஒரு கதை சொல்லணும். என்ன கதை தெரியுமா? ஹா-ன்னா மூச்சு, ஓலே-ன்னா இல்லை, ஹவுலேன்னா மூச்சில்லாதவன். நம்ம ஜனங்க மூக்கோட மூக்கு ஒட்டி மூச்சைப் பகிர்ந்துக்குவாங்க, வந்தவங்க கையைக் குலுக்கினாங்க, அதனால அந்தப் பேருன்னு. கேக்கறதுக்கு எவ்வளவு அழகா இருக்கு! ஒரு அம்மா அதைக் கேட்டுட்டுத் தேம்பித் தேம்பி அழுதுட்டு, தன் புருஷனைப் பிடிச்சு அங்கயே மூக்கோட மூக்கு தேச்சாங்களாம். ஆனா பொய். ஹா-ன்னா நீட்டணும். ஓலே-க்கு முன்னாடி தொண்டையில ஒரு முட்டு முட்டணும். நாம சொல்ற ஹவுலேல நீட்டலும் இல்ல, முட்டலும் இல்ல. டேய், ஏண்டா பொய் சொல்றேன்னு கேட்டேன். அக்கா, உண்மையைச் சொன்னா ஒருத்தனும் அழமாட்டேங்கறான், அழலைன்னா டிப்ஸ் வரமாட்டேங்குதுன்னான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா ஒரு விஷயத்துக்கு எனக்குச் சிரிப்பு வரலை. போன கோடையில என் புள்ளை கமுவேலா பொண்டாட்டி புள்ளைங்களோட வந்தான். இங்க வீட்டு வாடகை கட்ட முடியாமத்தானே வேகாஸ் போனான். அவன் மட்டுமா, நம்ம ஆளுங்க பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க. அவன் மக மைலே, என் பேத்தி, மூக்கு முழியெல்லாம் அப்படியே நான். கடலுக்குப் போச்சு. மூஞ்சி பூரா வெள்ளையா கிரீம் தடவிக்கிட்டு, ரப்பர் செருப்பைப் போட்டுட்டுப் பாறை மேல தத்தித் தத்தி நடந்துச்சு. எனோகா பேரப் பசங்க பாத்துட்டு, ஏய் ஹவுலே, தண்ணி கடிக்காது வான்னானுங்க. புள்ளை அழுதுட்டே வந்துச்சு. ஆன்ட்டி அங்க்கிள் எல்லாரும் சிரிக்கறாங்க. கமுவேலா எந்திரிச்சான். எங்க கொப்பாட்டன் எலும்பு இந்த மண்ணுல கிடக்கு, எவண்டா என் புள்ளைய ஹவுலேன்னதுன்னு கத்தினான். கத்தினதும் இங்கிலீஷ்லயே கத்தினான், அதுவும் வேகாஸ் இங்கிலீஷ்ல. எனோகாவோட சின்னப் பேரன், அப்ப ஏன் அங்க்கிள் பாத்ரூம் எங்கன்னு வழி கேட்டீங்கன்னான்.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலைம்மா. என் ரத்தம் ஹவுலே ஆயிருச்சு. மிச்சிகன்ல பொறந்த மனுஷன் அந்த நேரத்துல என் கொல்லையில உக்காந்து கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்காரு. அப்ப இந்த வார்த்தை இப்ப யாரு தலையில உக்காந்திருக்கு, நீங்களே சொல்லுங்க.

ஆமா, வெண்டல்தான் அது. இப்ப பக்கத்து ரூம்ல வாயைத் தைச்சுட்டு உக்காந்திருக்காரே, அவரேதான். அவரு வந்த கதையைக் கேளுங்க. மிச்சிகன்ல பனி வழிக்கிற வண்டி டிப்பார்ட்மெண்ட்டுல டிரைவரா சேந்து பெரிய அதிகாரி ஆனவரு. ஆயுசு பூரா ரோட்டுப் பனியை வழிச்சுத் தள்ளிட்டு, ரிட்டயர் ஆனா பனியே இல்லாத ஊருக்குப் போகணும்னு அவரும் சம்சாரமும் பேசி வச்சிருந்தாங்க. அந்தம்மா அதுக்குள்ள போயிருச்சு. எங்க பக்கத்து வீட்டுக்கு இவரு ஒத்தையா வந்தாரு. சாமானை எறக்கினப்ப நான் வேலியோரம் நின்னு பாத்துட்டிருந்தேன். எல்லாமே ரெண்டு ரெண்டு. ரெண்டு சாய்வு நாற்காலி, ரெண்டு வைக்கோல் தொப்பி. அதோட பனி வழிக்கிற மம்பட்டி ஒண்ணு. அது எதுக்கு சார் இங்கன்னு கேட்டதுக்கு, பழக்கம்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் நான் வழக்கம்போல நாயைக் கூப்பிட்டேன். ஹவுலே, வா இங்க, அங்க என்ன மோந்துட்டிருக்க, அசிங்கம் பண்ணினே கொன்னுருவேன்னு. மனுஷன் வேலிகிட்ட வந்து நின்னாரு. மூஞ்சி பழுத்த மிளகா மாதிரி. மேடம், எனக்கு ஒரு பேரு இருக்கு, நான் எந்த அசிங்கமும் பண்ணலைன்னாரு. அதுக்குள்ள நாய் அவரு காலுக்கு நடுவுல பூந்து ஓடி வந்துச்சு. இவருதான் சார் ஹவுலேன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிச்சுட்டேன்.

மறுநாளும் வந்தாரு. யோசிச்சுட்டு வந்திருக்காரு. நாய்க்குப் பேரை மாத்த முடியுமான்னாரு. நாய்கிட்டயே கேளுங்கன்னேன். அதுக்கு மறுநாள், எனோகா ஹோட்டல்ல சொல்ற மூச்சுக் கதையை எங்கயோ படிச்சுட்டு வந்து, எனக்கு மூச்சு இருக்குன்னாரு. இருக்கு சார், வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்தே கேக்குதுன்னேன். இப்படி தினமும் ஒரு சண்டை. நான் நாயைக் கூப்பிடுவேன், நாய் வரும், கூடவே அவரும் வருவாரு. கம்யூனிட்டில அதுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க? சமூக உரையாடலா? ஆங், அது தினமும் நடந்துச்சு.

ஒரு நாள் போனா போகுதுன்னு லாவுலாவு கொடுத்தேன். பன்னிக் கறியும் கீரையும் வச்சு தீங்கற செடியோட இலையில கட்டி அவிச்சது. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பாத்தா மேல் இலையைக் காணோம். எங்க சார் இலைன்னேன். கொஞ்சம் நார் ஜாஸ்தி, ஆனா ருசியா இருந்துச்சு மேடம்னாரு. பிரிச்சு வீசற இலையை மென்னு தின்னுருக்காரு! எனோகாவுக்குச் சொன்னேன், அவன் ஹோட்டல்ல சொன்னான், அங்க இருந்து கோனா பூராவும் போயிருச்சு.

ஆனா அதே எனோகா வாயில இருந்து வேற ஒண்ணும் வந்துச்சு. மார்ச்ல ஒரு மழை பேஞ்சுதே, மேட்டுல இருந்து சேறு சரிஞ்சு எங்க ரோடு பூரா மூடிக்கிச்சே. கவுண்டி வண்டி வரும் வரும்னு எல்லாரும் வாசல்ல நின்னு பேசிட்டிருக்கோம். நல்லாவே பேசுவோம் நாங்க. விடிஞ்சதும் பாத்தா, மனுஷன் வைக்கோல் தொப்பியைப் போட்டுட்டு, அந்தப் பனி மம்பட்டியை வச்சு, ஓரத்துல இருந்து வரிசையா தள்ளிட்டு வராரு. ஒரு பதட்டம் இல்ல. முதல்ல எங்க பசங்க பல்லைக் காட்டினானுங்க. எந்தப் பக்கம் தள்ளினா சேறு திரும்பி வராதுன்னு அவரு காமிச்சதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தனா மம்பட்டி எடுத்துட்டு வந்தானுங்க. மத்தியானத்துக்குள்ள வண்டி போற அளவுக்கு வழி ஆயிருச்சு. எனோகா நெத்தியைத் துடைச்சுட்டே சொன்னான், நம்ம ஹவுலே வேலை தெரிஞ்ச ஆளு, அக்கான்னு. கவனிச்சீங்களா? நம்ம. வெண்டலும் கேட்டாரு. அன்னைக்கு அவருக்கு மூஞ்சி சிவக்கலை.

அவரு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டாரு. நாய் அவரு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கும், அதை மிஸ்டர்னு கூப்பிடுவாரு. மிஸ்டர், சாப்பிட்டீங்களா. மிஸ்டர், கொஞ்சம் தள்ளிப் படுங்க. நாய் திரும்பாது. ஆனா தள்ளிப் படுக்கும்.

சரி, முடிவுக்கு வாங்கங்கறீங்க. வரேன். அந்தப் பொண்ணு என்னென்ன கேக்குது? நாய்க்குப் பேரு மாத்தணும். மாத்திருவோம், எழுதிக்கோங்க. என்ன பேரு வேணாலும் போடுங்க, மெரிடித்னுகூட… இல்ல, அது வேண்டாம், விளையாட்டுக்குச் சொன்னேன். மன்னிப்புக் கேக்கணும். கேட்டுருவோம், அதுக்கென்ன. அவங்க மாதிரி ஆளு எடுக்கிற வகுப்புல போய் உக்காரணும். உக்காந்துருவேன், ஏசி இருந்தா இன்னும் நல்லது. எங்க கையெழுத்துப் போடணும்?

ஏன் இவ்வளவு சுலபமா ஒத்துக்கறேன்னா? சண்டை போட எனக்குத் தெம்பு இல்லம்மா. கடைசி வரியையும் நான் படிச்சேன். வயசான தகப்பனாரு தினமும் அவமானப்படற எடத்துல பத்திரமா இருக்க முடியாது, அதனால வீட்டை வித்துட்டு சாக்ரமெண்டோவுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு இருக்கே, அதை. டிக்கெட் போட்டாச்சாம். இந்த ஒரு வார்த்தைதான் காரணம்னா, அந்த வார்த்தையை நான் விட்டுடறேன். அப்புறம் டிக்கெட்டை ரத்து பண்ணித்தானே ஆகணும்? நியாயம்தானே?

என்னது, நாயைக் கூட்டிட்டு வந்து லைசென்ஸ்ல பேரு மாத்தணுமா?

நாய் எங்கம்மா இருக்கு. அது போயிருச்சு. மாம்பழ சீசன்லயே போயிருச்சு. வயசாகித்தான். காலையில பாத்தா வெண்டல் வீட்டு வராந்தாவுல, அவரு செருப்பு மேல தலையை வச்ச மாதிரியே. நானும் அவரும்தான் புதைச்சோம். குட்பை மிஸ்டர்னாரு. நான் மண்ணைத் தள்ளினேன்.

ஆமாம்மா, மெரிடித் வந்தது இந்த நவம்பர்ல. கணக்கு இடிக்குதுல்ல? இடிக்கத்தான் செய்யும்.

நாய் போனதுக்கப்புறம் கொஞ்ச நாள் நான் யாரையும் கூப்பிடலை. அவரும் வேலிகிட்ட வரலை. வர்றதுக்கு என்ன காரணம் இருக்கு? சண்டை போட ஒரு விஷயம் வேணுமே. அவரு வராந்தாவுல உக்காந்திருப்பாரு, நான் அடுப்படியில இருப்பேன், நடுவுல தவளை கத்திட்டிருக்கும். ஒரு சாயங்காலம் மீனைப் பொரிச்சேன். கை பழக்கத்துல ரெண்டு பங்கு எடுத்து வச்சிருச்சு. வாயும் பழக்கத்துல தொறந்து, ஹவுலேன்னு கூப்பிட்டுருச்சு. கூப்பிட்டதுக்கப்புறம்தான் உறைச்சுது. அய்யோன்னு வாயைப் பொத்திட்டேன். அந்தப் பக்கம் இருட்டுல இருந்து, வரேன்னு ஒரு குரல். தட்டைக் கையில எடுத்துட்டே வந்தாரு.

அன்னைக்குல இருந்து தினமும் அப்படித்தான். என்ன உறவுன்னு எழுதறதா? அந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியலை. மீன் சாப்பிடறோம். கோழிக்குத் தீனி போடறோம். தன் சம்சாரத்தைப் பத்தி அவரு பேசுவாரு, எங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் பேசுவேன்.

மகளுக்குச் சொல்ல அவருக்கு வாய் வரலை. அம்மா போய் மூணு வருஷம்தானே ஆகுதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். வந்த அன்னைக்கே நான் கூப்பிட்டதைக் கேட்டுட்டு, யாருப்பா அது, உங்களையா திட்டறாங்கன்னு கேட்டிருக்கு. மனுஷன் பதறிப் போய், இல்ல இல்ல, அவங்க நாயைக் கூப்பிடறாங்கன்னு சொல்லிட்டாரு. நாயைக் கிளப்பினது அவருதாம்மா, நான் இல்ல. நான் அவரு சொன்னதைக் காப்பாத்திட்டு இவ்வளவு நேரம் உங்ககிட்ட தொண்டை வத்தப் பேசிட்டிருக்கேன். நாய்க்கு அப்படிப் பேரு வைக்கலாமான்னு அந்தப் பொண்ணு ஆரம்பிச்சது இங்க வந்து நிக்குது. அதுக்கப்புறமும் மககிட்ட தண்ணித் தொட்டியைப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு என் அடுப்படிக்கு வருவாரு. ஹவாயில தினமும் சாயங்காலம் தொட்டி பாக்கற ஆளு அவரு ஒருத்தர்தான்.

அவங்க இருக்கற வரைக்குமாவது நிறுத்தியிருக்கலாமேன்னா? நிறுத்தினேன், ஒரு நாள். இருட்டற வரைக்கும் வேலிகிட்டயே நின்னாராம். மறுநாள் கேட்டாரு, ஏன் என்னைக் கூப்பிடலைன்னு.

என்ன, பேனாவை மூடிட்டீங்க? எந்திரிச்சுட்டீங்க? அங்க போய்க் கேக்கப் போறீங்களா? கேளுங்க. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். மக முன்னாடி, நாய் எங்க இருக்குன்னு மட்டும் அவரைக் கேளுங்க. மிச்சத்தை அவரே சொல்லட்டும். சொல்லலைன்னாலும் நான் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்.

ஆனா இடது பக்கமா நின்னு, கொஞ்சம் சத்தமாக் கேளுங்கம்மா. பனி வண்டி ஓட்டி ஓட்டி அவருக்கு வலது காது போயே போச்சு. இல்லாட்டி நான் எதுக்கு ஊரே கேக்கற மாதிரி கத்தப் போறேன்?